வரியும் பாகப்பிரிவினையும்: தமிழகச் சிறுவணிகக் குடும்பங்களின் சட்ட வடிவ மாற்றமும் பெண்களின் பங்குரிமையும் (1886–2020)

ஆய்வுச்சுருக்கம்

பிரிவினையாகாத இந்துக் குடும்பத்தைத் தனியொரு வரி அலகாக இந்திய வருமான வரிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இதன் விளைவாக, குடும்பச் சொத்தாக நடந்துவந்த கடைகளும் மண்டிகளும் வரிச்சுமையைக் குறைக்கும் பொருட்டுக் கூட்டாண்மை நிறுவனங்களாக மாற்றப்பட்டன. இம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் பகுதிப் பிரிவினையே வழியாக அமைந்தது. வரிச் சட்டம் காலந்தோறும் திருத்தப்பட்டதால் இம்மாற்றத்தின் வரிப்பயன் மறைந்தது. ஆனால் குடும்பச் சட்டத்தில் அது ஏற்படுத்திய விளைவு நிலைத்தது. அவ்விளைவு மகள்களின் பங்குரிமையை எவ்வாறு தொட்டது என்பதை இக்கட்டுரை சட்டங்கள், தீர்ப்புகள், வணிக வரலாற்று ஆய்வுகள் ஆகியவற்றின் துணையோடு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுக் குடும்பம், கூட்டாண்மை, பகுதிப் பிரிவினை, வருமான வரி, பெண்களின் சொத்துரிமை, திருவண்ணாமலை

1. முன்னுரை

திருவண்ணாமலை கோயில் நகரமாக அறியப்பட்டாலும் வட்டாரச் சந்தை நகரமாகவும் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளது. விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதை நகரத்தை வெளிச் சந்தைகளோடு இணைத்தது. 1911இல் திருவண்ணாமலை வட்டம் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து வடஆற்காடு மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. சுற்றுப்புறத்து நெல்லும் வேர்க்கடலையும் இந்நகர மண்டிகளுக்கு வந்தன. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பூசைப்பொருள், பாத்திரம், துணி, உணவு விற்கும் கடைகள் கார்த்திகைத் தீபத்தையும் பௌர்ணமிக் கிரிவலத்தையும் நம்பி வளர்ந்தன. இத்தகைய கடைகளும் மண்டிகளும் பெரும்பாலும் குடும்பத்தின் உழைப்பாலும் முதலாலும் நடைபெறுபவை. கல்லாப்பெட்டியில் தந்தை, கொள்முதலில் மகன், கணக்கில் தம்பி என்று பொறுப்புகள் பகிரப்படும். பெண்களின் உழைப்பும் சீதனமும் கணக்கில் தனித் தலைப்பின்றிக் கலந்து நிற்கும்.

இத்தகைய ஒரு கடை யாருக்கு உரியது என்ற வினாவுக்குக் குடும்பம் தரும் விடையும் சட்டம் தரும் விடையும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. சட்டத்தின் விடையும் ஒன்றன்று. இந்துக் குடும்பச் சட்டம், கூட்டாண்மைச் சட்டம், வரிச் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே கடையை மூன்று விதமாகக் கண்டன. இம்மூன்றுக்கும் இடையே குடும்பங்கள் தங்கள் கடையின் சட்ட வடிவத்தை மாற்றிக்கொண்ட வரலாறு பொதுவாக வரி ஏய்ப்பு, வரித் தவிர்ப்பு என்னும் கோணத்திலேயே பேசப்படுகிறது. அம்மாற்றத்தைக் குடும்ப உறவின், குறிப்பாகப் பெண்களின் பங்குரிமையின் வரலாறாகவும் வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. முன்னாய்வுகள்

காலனிய இந்தியாவில் சந்தையை ஒழுங்குபடுத்திய சட்டங்கள் உள்நாட்டு வணிகக் குடும்பத்தை எவ்வாறு வரையறுத்தன என்பதை ரிது பிர்லா 2009இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளார். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிக அமைப்பை விளக்கும் டேவிட் ரட்னரின் நூல் (1994), பெண்கள் வழிவந்த பணம் நிறுவனங்களின் முதலாகப் பயன்பட்டதைப் பதிவு செய்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆரணியில் 1973 முதல் களப்பணி மேற்கொண்ட பார்பரா ஹாரிஸ்-ஒயிட், குடும்ப நிறுவனமே சிறுநகர முதலியத்தின் அடிப்படை அலகு என்பதையும், அதன் கட்டுப்பாடு ஆண்களிடமே குவிந்துள்ளது என்பதையும் காட்டியுள்ளார். வரிச் சட்டத்தின் குறிப்பிட்ட விதிகளையும் பெண்களின் பங்குரிமையையும் தொடர்புபடுத்தும் பணியை இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாகக் கருதலாம்.

3. குடும்பம் ஒரு வரி அலகாதல்

இந்தியாவில் வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சனால் அறிமுகப்படுத்தப்பட்டது. நிலையான வடிவம் பெற்றது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அச்சட்டம் 'நபர்' என்னும் சொல்லுக்குள் வணிக நிறுவனத்தையும் பிரிவினையாகாத இந்துக் குடும்பத்தையும் சேர்த்தது. 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டம் இதனைத் தொடர்ந்தது. குடும்பம் வரி செலுத்திவிட்டால், குடும்ப உறுப்பினர் என்ற முறையில் ஒருவர் பெறும் தொகைக்கு மீண்டும் வரியில்லை என்று அதன் 14(1) பிரிவு கூறியது.

மிதாட்சர முறைப்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறப்பிலேயே பங்குரிமை பெறுகிறான். பங்கின் அளவு பிரிவினையின்போதுதான் உறுதியாகும். அதுவரை குடும்பத் தலைவரான கர்த்தா அனைவர் சார்பிலும் நிர்வகிப்பார். பெண்கள் குடும்பத்தின் உறுப்பினர்கள். ஆனால் பங்குரிமையர் அல்லர். சென்னை மாகாணத்தில் நிலவிய வழக்கப்படி, தந்தையும் மக்களும் பாகம் பிரிக்கும்போது மனைவிக்குப் பங்கு ஒதுக்கப்படுவதில்லை. அவருக்கு உரியது பராமரிப்பு மட்டுமே.

இவ்வமைப்பு வரிவிதிப்பில் இருவேறு விளைவுகளைத் தந்தது. மேல்வரியைப் பொறுத்தவரை, தனிநபருக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு இருந்த காலத்தில் கூட்டுக் குடும்பத்திற்கு 75,000 ரூபாய் வரை விலக்கு தரப்பட்டது. இச்சலுகை பெருவணிகருக்கே பயன்பட்டது. சிறுவணிகருக்கு முதன்மையானது சாதாரண வருமான வரியின் விலக்கு வரம்பு. அது 1886இல் 500 ரூபாயாகவும், 1903இல் 1,000 ரூபாயாகவும், 1919இல் 2,000 ரூபாயாகவும் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது 1931இல் மீண்டும் 1,000 ரூபாய்க்குக் குறைக்கப்பட்டது. வரம்பு குறைந்தபோது வரி அலுவலரின் பார்வை சிறிய கடைகளையும் எட்டியது. 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் 10,000 ரூபாய் விற்றுமுதலை வரம்பாக வைத்ததும் இதே திசையில் அமைந்தது. நாள்வழிக் குறிப்பேடும் பேரேடும் குடும்பத்தின் உள்விவகாரம் என்ற நிலை மாறி, அலுவலர் முன் வைக்கப்படும் ஆவணங்களாயின.

4. கூட்டாண்மை என்னும் மாற்று வடிவம்

கூட்டுக் குடும்ப வணிகமும் கூட்டாண்மையும் சட்டத்தில் வேறானவை. முன்னது பிறப்பால் அமைவது. பின்னது ஒப்பந்தத்தால் அமைவது. பிச்சப்ப செட்டியார் எதிர் சொக்கலிங்கம் பிள்ளை வழக்கில் (1934) பிரிவி கவுன்சில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. குடும்பத்தின் நிர்வாகி வெளியார் ஒருவருடன் கூட்டாண்மை அமைத்தால், குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்கள் அதனாலேயே கூட்டாளிகள் ஆகிவிடுவதில்லை என்று அது தீர்ப்பளித்தது.

கூட்டாண்மை வரிக்குச் சாதகமாவதற்கு இரண்டு விதிகள் வழி செய்தன. 1928இல் சேர்க்கப்பட்ட 25-ஏ பிரிவு, குடும்பச் சொத்து திட்டவட்டமான பங்குகளாகப் பிரிக்கப்பட்டதை வரி அலுவலர் விசாரித்துப் பதிவு செய்யும் முறையை வகுத்தது. 1930இல் சேர்க்கப்பட்ட 26-ஏ பிரிவு, கூட்டாளிகளின் பங்குகளைக் குறிப்பிடும் ஒப்பந்தப் பத்திரத்தின் அடிப்படையில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வகை செய்தது. 1939ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பதிவு பெற்ற நிறுவனத்தின் மீது நேரடியாக வரி விதிக்கப்படாமல், ஒவ்வொரு கூட்டாளியின் பங்கும் அவரவர் வருமானமாகக் கணக்கிடப்பட்டது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விலக்கு வரம்பு 2,000 ரூபாயாக இருக்கும் ஆண்டில், தந்தையும் மூன்று மகன்களும் கொண்ட குடும்பத்தின் கடை 6,000 ரூபாய் ஈட்டுகிறது எனக் கொள்வோம். கூட்டுக் குடும்பமாக இருந்தால் 6,000 ரூபாயும் ஒரே அலகின் வருமானம், வரி உண்டு. அதே கடை நால்வரும் சமபங்கு கொண்ட பதிவுற்ற கூட்டாண்மையானால், ஒவ்வொருவர் பங்கும் 1,500 ரூபாய். வேறு வருமானம் இல்லாவிடில் எவருக்கும் வரியில்லை. கடையும் சரக்கும் வாடிக்கையாளரும் மாறவில்லை. பேரேட்டில் 'குடும்ப முதல்' என்ற ஒரு தலைப்பு நான்கு முதலீட்டுக் கணக்குகளாக மாறியது.

இம்மாற்றத்திற்கு முழுக் குடும்பத்தையும் பிரிக்க வேண்டியதில்லை என்பதை சுந்தர் சிங் மஜீதியா வழக்கு (1942) உறுதி செய்தது. ஐக்கிய மாகாணத்துச் சர்க்கரை ஆலை ஒன்றை மையமாகக் கொண்ட அவ்வழக்கில், கூட்டுக் குடும்பம் தன் சொத்துகளுள் ஒன்றை மட்டும் பிரித்து, அதனைக் கொண்டு உறுப்பினர்கள் கூட்டாண்மை அமைப்பதற்கு வரிச் சட்டத்தில் தடையில்லை என்று பிரிவி கவுன்சில் கருதியது. சரண்தாஸ் ஹரிதாஸ் வழக்கில் (1960) உச்ச நீதிமன்றமும் பகுதிப் பிரிவினையை வரிக்கு உட்பட்ட உண்மையாக ஏற்றது. கடையின் முதல் அசையும் சொத்தாதலால் அதைப் பிரிக்கப் பதிவுப் பத்திரம் தேவைப்படவில்லை. குடும்பத்தார் உடன்பட்டு, கணக்கில் வரவு வைத்து, ஒரு குறிப்பாவணம் எழுதினால் போதும் என்ற நிலை உருவாயிற்று. இவ்வாறு வீடும் நிலமும் கூட்டாக இருக்க, கடை மட்டும் பாகம் பிரிந்தது.

5. பெண்கள்: எண்ணிக்கையில் உண்டு, பங்கில் இல்லை

பாகப்பிரிவினையில் பங்கில்லாத மனைவி, கூட்டாண்மைப் பத்திரத்தில் கூட்டாளியாக இடம்பெற முடிந்தது. மைனர் மக்களையும் கூட்டாண்மையின் பயன்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடமளித்தது. பெயர்கள் கூடக்கூட ஒவ்வொரு பங்கும் சிறுத்தது, வரியும் குறைந்தது. பெயரளவிலான இத்தகைய கூட்டாண்மைகளை 1936ஆம் ஆண்டு வருமான வரி விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 1937இல் சேர்க்கப்பட்ட 16(3) பிரிவு, கணவன் கூட்டாளியாக உள்ள நிறுவனத்திலிருந்து மனைவியும் மைனர் மக்களும் பெறும் பங்கைக் கணவனின் வருமானத்தோடு சேர்த்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனுக்கிருந்த உரிமையை அவன் இறந்தபின் விதவை வாழ்நாள் உரிமையாகப் பெற வழிசெய்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும் இதே 1937இல் நிறைவேறியது என்பது கருதத்தக்கது. ஒரு சட்டம் பெண்ணின் பங்கை ஒப்புக்கொண்ட ஆண்டிலேயே மற்றொரு சட்டம் அப்பங்கைக் கணவனுடையதாகவே கணக்கிட்டது.

16(3) பிரிவில் வரும் 'தனிநபர்' என்னும் சொல் ஆணை மட்டும் குறிக்கிறதா என்ற வினா சோத்ரா தேவி வழக்கில் (1957) எழுந்தது. தாய் கூட்டாளியாக இருந்த நிறுவனத்தில் மைனர் மக்களும் பயன் பெற்றனர். அச்சொல் ஆணையே குறிக்கிறது எனக் கொண்ட உச்ச நீதிமன்றம், மக்களின் வருமானத்தைத் தாயின் வருமானத்தோடு சேர்க்க இயலாது என்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு 'வாழ்க்கைத்துணை' என்ற சொல்லை ஆண்டு இவ்விடைவெளியை அடைத்தது. 16(3) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் பாலாஜி வழக்கில் (1961) நிராகரித்தது.

இதே காலத்தில் தமிழர் புலம்பெயர் வணிகத்திலிருந்து எழுந்த மற்றொரு வழக்கு பெண்களின் நிலையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இலங்கையில் சொத்துக் கொண்டிருந்த நகரத்தார் குடும்பம் ஒன்றில் மகன் 1934இலும் தந்தை 1938இலும் இறந்தனர். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு இலங்கை மரணச் சொத்து வரிச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. மகன் இறந்தபின் தந்தை ஒருவரே எஞ்சிய பங்குரிமையர் என்பதால், சொத்து அவருடைய தனிச்சொத்து ஆகிவிட்டதா என்பதே வினா. இலங்கைச் சட்டமா அதிபர் எதிர் அருணாசலம் செட்டியார் வழக்கில் (1957) பிரிவி கவுன்சில் 'இல்லை' என்றது. பராமரிப்பு உரிமையும், தத்தெடுப்பின் வழி ஆண் வாரிசைக் கொண்டுவரும் வாய்ப்பும் உடைய பெண்கள் குடும்பத்தில் இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் தொடர்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். வரி விலக்குக்குத் தேவையான குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள் பெண்களே. ஆயினும் அக்குடும்பச் சொத்தில் அவர்களுக்குப் பங்குரிமை இல்லை.

பெண்ணின் இருப்பு ஒரு வழக்கில் குடும்பத்தைக் காத்து வரியைக் குறைத்தது. மற்றொன்றில் அவர் பெயர் பங்கைச் சிறிதாக்கி வரியைக் குறைத்தது. இரண்டிலும் வரிக்கணக்கில் எண்ணப்பட்டவர், சொத்தைப் பகிரும் கணக்கில் எண்ணப்படவில்லை. ஆண் மக்களைப் பொறுத்தவரை கூட்டாண்மைப் பங்கு, பிறப்பால் ஏற்கெனவே இருந்த உரிமையின் வடிவ மாற்றம். மனைவியைப் பொறுத்தவரை அது ஒப்பந்தம் நீடிக்கும்வரை மட்டுமே நிலைக்கும் உரிமை.

6. அரசின் எதிர்வினை

1970களின் தொடக்கத்தில் தனிநபர் வருமானத்தின் உச்ச வரிவிகிதம், கூடுதல் வரியும் சேர்ந்து, 97.75 விழுக்காட்டை எட்டியது. அலகுகளைப் பெருக்குவதன் பயன் அதற்கேற்ப உயர்ந்தது. அரசு ஒன்றன்பின் ஒன்றாக வாயில்களை அடைத்தது. தனிச்சொத்தைக் குடும்பப் பொதுச்சொத்தில் கலந்து வரியைக் குறைக்கும் முறையை 1970ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டுப்படுத்தியது. வாஞ்சு குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, வரிக்குரிய தனி வருமானம் கொண்ட உறுப்பினர் ஒருவரேனும் உள்ள கூட்டுக் குடும்பத்திற்கு 1973இல் உயர்ந்த விகிதம் விதிக்கப்பட்டது. 1980இல் 171ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட (9) உட்பிரிவு, 1978 டிசம்பர் 31க்குப் பின் நிகழ்ந்த பகுதிப் பிரிவினைகளை வரிக்காக ஏற்க மறுத்தது. குடும்பச் சட்டப்படி அப்பிரிவினை செல்லும். வரிச் சட்டத்தின் கண்ணில் குடும்பம் பிரியவே இல்லை.

இவ்விதியை எதிர்த்து எழுந்த வள்ளியப்பன் வழக்கு தமிழகத்துக்குரியது. குறிப்பிட்ட நாளுக்கு முன்னும் பின்னும் பிரிந்த குடும்பங்களை வேறுபடுத்துவது சமத்துவத்திற்கு எதிரானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1988இல் அவ்விதியைச் செல்லாதாக்கியது. உச்ச நீதிமன்றம் 1999இல் அத்தீர்ப்பை மாற்றி, நாள்வரம்பு விதிப்பது சட்டமன்ற அதிகாரத்திற்கு உட்பட்டதே என்றது. இதற்கிடையே 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அடிப்படையையே மாற்றியிருந்தது. 1993–94 மதிப்பீட்டு ஆண்டு முதல் நிறுவனமே வரி செலுத்தும் அலகாயிற்று. கூட்டாளியின் இலாபப் பங்குக்கு மீண்டும் வரியில்லை. பெயர்களைப் பெருக்கிப் பங்கைச் சிறிதாக்கும் உத்தி பெரும்பயனை இழந்தது. உழைக்கும் கூட்டாளிக்குத் தரும் ஊதியமும் முதலுக்குத் தரும் வட்டியும் வரம்புக்குட்பட்டுக் கழிக்கத்தக்கனவாயின.

7. மீளாத விளைவு

வரிச் சட்டத்தின் விதி மாறினால் அடுத்த ஆண்டுக் கணக்கை வேறுவிதமாக எழுதலாம். ஆனால் பாகப்பிரிவினையை அவ்வாறு திரும்பப் பெற முடியாது. பிரிந்தவர்கள் மீண்டும் கூடுவதை மிதாட்சரம் தந்தை, உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தான் ஆகியோரிடையே மட்டுமே ஏற்கிறது. இதன் முழுப்பொருள் 1989க்குப் பின் வெளிப்பட்டது.

1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமை (தமிழ்நாடு திருத்த) சட்டம் மகளைப் பிறப்பால் பங்குரிமையர் ஆக்கியது. எனினும் அந்நாளுக்கு முன் மணமான மகள்களையும், அந்நாளுக்கு முன் நிகழ்ந்த பிரிவினைகளையும் அது விலக்கியது. திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானதும் இதே ஆண்டு செப்டம்பரில்தான். இந்நகரத்துக் கடைவீதியைப் போன்ற இடங்களில், ஒரு குடும்பம் வரிக்காக முன்பே கடையைத் தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே பகுதிப் பிரிவினை செய்திருந்தால், 1989க்குப் பின் மகள் கேட்கத்தக்க கூட்டுச் சொத்தில் அக்கடை இல்லை. எஞ்சியிருப்பது வீடும் நிலமும் மட்டுமே. மகளை விலக்கும் நோக்கம் எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. வரியைக் குறைக்கும் நோக்கமே அவ்விளைவைத் தரப் போதுமானது.

2005ஆம் ஆண்டு மைய அரசின் திருத்தம் இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது. மணமான மகளுக்கும் உரிமை தந்த அது, 2004 டிசம்பர் 20க்கு முன் நிகழ்ந்த பிரிவினைகளைக் காத்தது. ஆனால் பிரிவினை என்பது பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ நிகழ்ந்ததாக இருக்க வேண்டும் என விளக்கியது. வினிதா சர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், வாய்மொழிப் பிரிவினை என்ற வாதத்தை எளிதில் ஏற்கலாகாது என்றும், பொது ஆவணங்களின் வலுவான துணையுள்ள அரிய நேர்வுகளில் மட்டுமே ஏற்கலாம் என்றும் கூறியது. பதிவின்றிப் பேரேட்டு வரவாலும் குறிப்பாவணத்தாலும் நிகழ்ந்த பழைய பிரிவினைகள் இவ்வளவையில் நிற்குமா என்பது ஒவ்வொரு வழக்கின் சான்றைப் பொறுத்தது. வரி அலுவலகத்திற்காக எழுதப்பட்ட தாள்கள் இன்று குடும்ப வழக்கின் சான்றாவணங்களாக மறுபிறப்பு எடுக்கின்றன.

கூட்டுக் குடும்பம் என்ற அமைப்பையே நீக்கும் வழியும் இருந்தது. கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை ஒழித்தது. சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியச் சட்ட ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுக் கலந்தாய்வு அறிக்கையும், வரித் தவிர்ப்புக்குப் பயன்படுவதைக் காட்டி அவ்வமைப்பின் தேவையை வினவியது. தமிழ்நாடு அமைப்பை வைத்துக்கொண்டே மகளை அதனுள் சேர்க்கும் வழியைத் தேர்ந்தது. அவ்வழியின் பயன், மகள் உள்ளே வரும்போது அமைப்புக்குள் எஞ்சியிருந்த சொத்தின் அளவைப் பொறுத்தே அமைந்தது.

8. முடிவுரை

இவ்வாய்வு மூன்று முடிவுகளை முன்வைக்கிறது. முதலாவதாக, சிறுவணிகத்தின் சட்ட வடிவம் வணிகத் தேவையால் மட்டும் அமைவதில்லை. விலக்கு வரம்பும் அலகு பற்றிய விதிகளும் கூட்டுக் குடும்பக் கடையைக் கூட்டாண்மையாக்குவதில் முதன்மைப் பங்கு வகித்தன. இரண்டாவதாக, அரசின் எதிர்விதிகள் வரி வருவாயைக் காப்பதையே நோக்கின. பெண்ணின் பங்கு மெய்யானதா பெயரளவினதா என்று ஆராயாமல் கணவனின் வருமானத்தோடு சேர்த்ததால், மெய்யாக உழைத்த மனைவியின் பங்கும் அதனுள் மறைந்தது. மூன்றாவதாக, வரிக்காக மேற்கொண்ட பகுதிப் பிரிவினை, பின்னர் வந்த பெண்ணுரிமைச் சட்டங்களின் எல்லையை முன்கூட்டியே சுருக்கும் ஆற்றல் கொண்டிருந்தது.

தமிழகப் பெண்களின் சொத்துரிமை வரலாறு வாரிசுரிமைச் சட்டங்களின் வழியாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வருமான வரித் தீர்ப்புகளும், கூட்டாண்மைப் பத்திரங்களும், கடைகளின் பேரேடுகளும் அவ்வரலாற்றுக்கு இன்றியமையாத மூலங்கள். திருவண்ணாமலை, ஆரணி போன்ற நகரங்களின் வணிகக் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள கணக்கேடுகளைத் திரட்டிப் பாதுகாப்பது, 1989க்கு முன் கடைகள் எவ்வாறு, யாரிடையே பிரிந்தன என்பதைக் குடும்ப அளவில் அறிய உதவும்.